இருபது எழுத்தில் ஒரு கவிதை

கணக்கையும் மொழியையும் இரண்டு கண்களாகப் போற்றும்படி பெரியோர்கள் நமக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். ஆனால் எங்கள் வகுப்பில் பெரும்பாலோர் ஒற்றைக் கண்ணர்கள்தாம். கணக்கில் நூறு வாங்குகிறவளுக்குச் செய்யுள் என்றால் வேப்பங்காய். கவிதை எழுதுகிறவளுக்கோ அல்ஜீப்ரா என்றால் காய்ச்சலே வந்துவிடும். இந்த இரண்டு கட்சியாரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்த சிறிய கவிதை வடிவம் ஒன்றைப் பற்றி இங்கே எழுதுகிறோம். அதன் பெயர் ஃபிப். முதலில் ஒன்றைப் படித்துவிடுங்கள். எங்களில் ஒருத்தி எழுதியது. அவள் விவசாயக் குடும்பத்துப் பெண்.

நெல்
மண்
நாற்று
பசுமை
வயல் முழுதும்
கடன் கொடுத்தவர் வந்தார்

புள்ளி வைத்த ஒற்றெழுத்துகளை விட்டுவிட்டு ஒவ்வோர் அடியிலும் எத்தனை எழுத்து இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். 1, 1, 2, 3, 5, 8 என்று வரும். முதல் இரண்டு ஒன்றுகளையும் தவிர, ஒவ்வோர் எண்ணும் தனக்கு முன்னால் நிற்கும் இரண்டு எண்களின் கூட்டுத்தொகை. ஒன்றும் ஒன்றும் இரண்டு, ஒன்றும் இரண்டும் மூன்று, இரண்டும் மூன்றும் ஐந்து, மூன்றும் ஐந்தும் எட்டு. மொத்தம் இருபது எழுத்து. இவ்வளவுதான் இலக்கணம். எதுகை வேண்டாம், மோனை வேண்டாம், தளை தட்டுகிறதா என்று பார்க்கவும் வேண்டாம்.

அமெரிக்காவில் ஏப்ரல் மாதத்தைக் கவிதை மாதமாகக் கொண்டாடுகிறார்கள். 2006ஆம் ஆண்டு ஏப்ரலில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் வசிக்கும் கிரிகரி பின்கஸ் என்ற எழுத்தாளர் இந்த ஆறடி வடிவத்துக்கு ஃபிப் என்று பெயர் சூட்டி, எல்லோரும் எழுதிப் பாருங்கள் என்று அழைத்தார். எண்வரிசையை வைத்துக் கவிதை செய்தவர்கள் அவருக்கு முன்பும் உண்டு. ஆனால் அவருடைய அழைப்பைக் கேட்டுச் சில வாரங்களுக்குள் ஏராளமானோர் எழுதத் தொடங்கிவிட்டார்கள். நியூயார்க் டைம்ஸ் நாளிதழிலும் செய்தி வந்தது. ஃபிப் என்ற ஆங்கிலச் சொல்லுக்குச் சின்னப் பொய் என்று ஒரு பொருள் உண்டு. எண்வரிசையின் பெயரான ஃபிபனாச்சியின் சுருக்கமும் அதுதான். 2013இல் பின்கஸ் ஒரு சிறுவர் நாவலும் எழுதினார். கணக்கில் புலிகள் நிறைந்த குடும்பத்தில் பிறந்து, கணக்கு வராமல், எழுதுவதற்கு ஆசைப்படும் ஒரு பையன்தான் அதில் கதாநாயகன். எங்கள் வகுப்பில் அவனுக்கு நிறையச் சகோதரிகள் இருக்கிறார்கள்.

இனி அந்த எண்வரிசையின் பூர்வீகத்தைப் பார்ப்போம். இத்தாலியில் பைசா நகரத்தவரான லெயோனார்தோ என்பவர் 1202ஆம் ஆண்டில் 'லிபெர் அபாச்சி' என்ற கணித நூலை எழுதினார். அவருடைய தந்தை வட ஆப்பிரிக்கத் துறைமுகம் ஒன்றில் சுங்க அலுவலில் இருந்ததால், பையனாக இருந்தபோதே அங்கே சென்று, இந்தியாவில் பிறந்து அரபு நாடுகள் வழியாக வந்த பத்து இலக்கங்களைக் கற்றுக்கொண்டவர் அவர். அந்த நூலில் ஒரு முயல் கணக்கு இருக்கிறது. சுற்றுச்சுவருக்குள் ஒரு ஜோடி முயலை விடுகிறோம். ஒவ்வொரு ஜோடியும் மாதம் ஒரு ஜோடி குட்டி போடும். பிறந்த குட்டிகள் இரண்டாம் மாதத்திலிருந்து தாமும் குட்டி போடும். ஓராண்டு முடிவில் எத்தனை ஜோடி? விடை 377. மாதா மாதம் வரும் எண்ணிக்கையை எழுதிப் பார்த்தால் மேலே சொன்ன வரிசை கிடைக்கும். லெயோனார்தோவுக்கு ஃபிபனாச்சி என்ற பெயர் பிற்காலத்தார் இட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் எதுவார் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் இந்த வரிசைக்கு அந்தப் பெயரைச் சூட்ட, அது நிலைத்துவிட்டது.

முயல் கதை எங்களுக்கு முன்பே தெரியும். அதற்கு மேல் எங்கள் கணித ஆசிரியை சிஸ்டர் சொன்ன செய்திதான் எங்களை நிமிர்ந்து உட்கார வைத்தது. லெயோனார்தோ அந்நூலை எழுதுவதற்கு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1150ஆம் ஆண்டையொட்டி, குஜராத்தில் வாழ்ந்த ஹேமசந்திரர் என்ற சமண முனிவர் இதே வரிசையை எழுதிவைத்திருக்கிறார். அவருக்கும் பல நூற்றாண்டுகள் முந்திய விரஹாங்கர் என்பவரும் இதைச் சொல்லியிருக்கிறார். முயலுக்காக அல்ல, இருவருடைய நூல்களும் யாப்பிலக்கண நூல்கள். கவிதையின் ஓசையை எண்ணப் போய்த்தான் அவர்கள் இந்த எண்களைக் கண்டார்கள்!

அவர்கள் கேட்ட கேள்வி இதுதான். ஒரு மாத்திரை ஒலிக்கும் குற்றசை ஒன்று, இரண்டு மாத்திரை ஒலிக்கும் நெட்டசை ஒன்று. இவை இரண்டைக் கொண்டு குறிப்பிட்ட மாத்திரை அளவுள்ள ஓர் அடியை எத்தனை விதமாக அமைக்கலாம்? வடமொழியில் ஓசையை அளக்கும் முறை நம்முடையதிலிருந்து சற்று வேறானது. ஆனாலும் நமக்கும் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்று தொல்காப்பியமே வகுத்திருக்கிறது. கண் இமைக்கும் நேரத்தையும் கைந்நொடிக்கும் நேரத்தையும் அது அளவாகச் சொல்கிறது. ஆகவே தமிழ்ச் சொற்களாலேயே செய்து பார்த்தோம். ஒற்று இல்லாத சொற்களாகத் தேடினோம். 'நாடு' என்று ஒரு சொல்லைச் சேர்த்திருந்தோம். கடைசியில் வருவது குற்றியலுகரம், அதற்கு அரை மாத்திரைதான் என்று தமிழம்மா அடித்துவிட்டார்.

இரண்டு மாத்திரைக்குப் 'பூ', 'பல' என்று இரண்டு அமைப்பு. மூன்று மாத்திரைக்கு 'இனிய', 'விழா', 'பாதி' என்று மூன்று. நான்கு மாத்திரைக்கு 'மாதிரி', 'விசாரி', 'புதியன', 'மாமா', 'வருமோ' என்று ஐந்து. இவற்றைத் தவிர நான்கு மாத்திரையில் ஆறாவது அமைப்பு எதுவும் கிடையாது; தோழியர் முயன்று பார்க்கலாம்.

ஏன் ஐந்து? இந்த ஐந்து சொற்களின் கடைசி எழுத்தை மட்டும் பாருங்கள். 'மாதிரி', 'விசாரி', 'புதியன' மூன்றும் குறிலில் முடிகின்றன. அந்தக் குறிலை எடுத்துவிட்டால் மிஞ்சுவது மூன்று மாத்திரை. மூன்று மாத்திரைக்கு உரிய மூன்று அமைப்புகளும் அப்படியே அங்கே இருக்கும். 'மாமா', 'வருமோ' இரண்டும் நெடிலில் முடிகின்றன. அந்த நெடிலை எடுத்துவிட்டால் மிஞ்சுவது இரண்டு மாத்திரை. அதற்குரிய இரண்டு அமைப்புகளும் அங்கே இருக்கும். எந்த அடியானாலும் குறிலில் முடிய வேண்டும், இல்லையேல் நெடிலில் முடிய வேண்டும். மூன்றாவது வழி இல்லை. அதனால்தான் முந்திய இரண்டு எண்களையும் கூட்டினால் அடுத்த எண் வருகிறது. இதைக் கரும்பலகையில் எழுதி முடித்தபோது, கணக்கென்றால் காய்ச்சல் வருகிறவளே எழுந்து, "ஐந்து மாத்திரைக்கு எட்டு!" என்று கத்தினாள்.

2014ஆம் ஆண்டில் ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்ற மஞ்சுள் பார்கவா இவற்றை ஹேமசந்திர எண்கள் என்றே சொல்வது வழக்கம். அவர் தபலாவும் வாசிப்பவர். நாம் எந்தப் பெயரால் அழைத்தாலும் சரி, ஒன்று மட்டும் நிச்சயம். கவிதைக்குள் கணக்கை வலுக்கட்டாயமாகப் புகுத்திவிட்டார்கள் என்று ஃபிப்பைக் குறை சொல்ல முடியாது. அங்கிருந்து புறப்பட்ட எண்கள்தாம் அங்கேயே திரும்பி வந்திருக்கின்றன.

எழுத உட்கார்ந்தவுடன் எங்களுக்குள் சண்டை மூண்டது. ஆங்கிலத்தில் சிலபிளை எண்ணுகிறார்கள். தமிழில் எதை எண்ணுவது? அசையை எண்ண வேண்டும் என்றது ஒரு கட்சி. ஆனால் நம் அசை வேறு, சிலபிள் வேறு. 'பூ' என்பதும் ஓர் அசை, 'நிலா' என்பதும் ஓர் அசை. வாயோ 'நிலா' என்று சொல்ல இருமுறை திறக்கிறது. மாத்திரையை எண்ண வேண்டும் என்றது இன்னொரு கட்சி. அப்படியானால் முதல் இரண்டு அடிகளும் ஒரு மாத்திரைச் சொற்களாக இருக்க வேண்டும். நன்னூல் சொல்லும் ஓரெழுத்து ஒருமொழிகள் நாற்பத்திரண்டில் நாற்பது நெடில். குறில் இரண்டே இரண்டு, 'நொ' என்பதும் 'து' என்பதும். 'நொ' என்றால் துன்பப்படு, 'து' என்றால் உண். உலகத்து ஃபிப் எல்லாம் "துன்பப்படு, சாப்பிடு" என்றே தொடங்க வேண்டியிருக்கும்! விடுதியில் தங்கிப் படிக்கும் தோழியர் மட்டும் இதற்கு ஆட்சேபணை இல்லை என்றார்கள்.

தீர்ப்புச் சொன்னவர் தமிழம்மா. ஒற்றை நீக்கி எழுத்தை எண்ணுவது நமக்குப் புதிதல்ல என்றார். கட்டளைக் கலித்துறையில் ஓரடி நேரசையில் தொடங்கினால் ஒற்று நீங்கலாக 16 எழுத்து இருக்க வேண்டும்; நிரையசையில் தொடங்கினால் 17. அபிராமி அந்தாதி முழுவதும் அந்த அளவில் பாடப்பட்டதுதான். அடிக்குப் பதினாறும் பதினேழும் எண்ணிய மொழியில் மொத்தம் இருபதை எண்ண முடியாதா என்று கேட்டார். சண்டை முடிந்தது. சந்தேகம் வந்தால் கை தட்டிப் பார்க்கலாம்: 'வாழ்க்கை' எழுத்தில் நான்கு, தட்டில் இரண்டு. 'கண்ணீர்' இரண்டு. 'பள்ளிக்கூடம்' நான்கு. 'சூரியகாந்தி' ஐந்து. அடிகளுக்கு நடுவில் சந்தியாக வரும் க், ச், த், ப் எல்லாம் கணக்கில் சேராது, இலவசம்.

தமிழில் முதல் இரண்டு அடிகள் மிக எளிது. தீ, பூ, கை, நீ, வா, தாய், சேய், பால், கல், ஊர், வான், நாள் என்று ஓரெழுத்துக் கணக்கில் வரும் சொற்கள் நம்மிடம் கொட்டிக் கிடக்கின்றன. ஆனால் மழைக்கு முதலடியில் இடமில்லை, அது இரண்டெழுத்து. அம்மாவும் அப்பாவும் மூன்றாம் அடிவரை காத்திருக்க வேண்டும். இடையில் உள்ள இரண்டும் மூன்றும்தான் தொல்லை கொடுக்கும். வேற்றுமை உருபும் காலமும் விகுதியும் ஒட்டிக்கொண்டு நம் சொற்கள் நீண்டுபோவதால், பிடித்த சொல் அங்கே நுழையாது. 'வந்துகொண்டிருக்கிறார்கள்' என்று ஒரே ஒரு சொல்லை எழுதிப் பாருங்கள். எட்டாயிற்று, ஆறாவது அடியே முடிந்துவிட்டது!

வேறொரு வசதியும் இருப்பதைப் பிறகுதான் கவனித்தோம். தமிழில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வருவது இயல்பு. ஃபிப்பிலும் மிக நீளமான அடி கடைசியில் வருகிறது. சின்னச் சின்னப் பெயர்ச்சொற்களை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போய், இதெல்லாம் எதற்கு என்று படிக்கிறவர் நினைக்கும் நேரத்தில் வினையைச் சொல்லலாம். நெல், மண், நாற்று என்று போன கவிதையில் கடன் கொடுத்தவர் அப்படித்தான் வந்து நிற்கிறார்.

முதல் நாள் நாங்கள் எழுதியவற்றைச் சிஸ்டருக்கும் காட்ட வெட்கமாக இருந்தது. பாதிக் கவிதைகளில் இரண்டாம் அடி 'ஓ' என்றோ 'ஆ' என்றோ இருந்தது. இடத்தை அடைப்பதற்குப் போட்ட செங்கல்! இருபது எழுத்தில் ஒன்று வீணானாலும் கண்ணில் குத்துகிறது என்பது அப்போது புரிந்தது. ஐந்து, ஏழு, ஐந்து என்னும் ஜப்பானிய ஹைக்கூவைத் தமிழில் பெரும்பாலும் எண்ணாமல் மூன்று வரியாகவே எழுதுகிறார்கள். அதில் தப்பில்லை. ஆனால் எண்ணி எழுதும்போது படும் அவஸ்தை வேறு.

ஆறடியோடு நிறுத்த வேண்டும் என்று சட்டமில்லை. ஏழாம் அடி 13, எட்டாம் அடி 21 என்று நீட்டலாம். எங்கள் அபிப்பிராயத்தில் பதின்மூன்று ஒரு மூச்சுக்குச் சற்றுக் கனம். இருபத்தொன்று வந்தால் உரைநடை வாடை அடிக்கிறது. டென்மார்க்குக் கவிஞர் இங்கர் கிறிஸ்டென்சன் 1981இல் 'அல்ஃபபெட்' என்ற நூலை எழுதியபோது, எழுத்தை விட்டுவிட்டு அடிகளை இந்த வரிசையில் பெருக்கினார். 'ஏ' என்ற எழுத்துக்கு ஓரடி, 'பி'க்கு இரண்டு, 'சி'க்கு மூன்று, பிறகு ஐந்து, எட்டு என்று போகும். ஆப்ரிகாட் மரங்களில் தொடங்கி, உலகத்தில் உள்ள பொருள்களைச் சொல்லிக்கொண்டே போகிற நூல் அது. அணுகுண்டும் அந்தப் பட்டியலில் வருகிறது. 'என்' என்ற எழுத்தோடு நின்றுவிடுகிறது. பதினான்காம் இடத்துக்குரிய எண் 610 என்று கூட்டிப் பார்த்தபோது, ஏன் நின்றது என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

தலைகீழாகவும் எழுதலாம். எட்டில் தொடங்கி ஒன்றில் முடிப்பது, விலகிப் போகிறவற்றுக்குப் பொருத்தமாக இருக்கும். விடுமுறைக்கு வந்திருந்த அத்தையை வழியனுப்பிவிட்டு வந்து ஒருத்தி எழுதியது:

அத்தையை ஏற்றிய ரயில்
வளைவு தாண்டிச்
சிறிதாய்ப்
புள்ளி
பின்
வான்

இனிச் சொல்லப்போவது எங்கள் வகுப்பில் மிகுதியாகப் பேசப்பட்ட கவிதையைப் பற்றி. எழுதியவள் கணக்குக் கட்சி. கட்டுரை நோட்டில் அரைப்பக்கத்துக்கு மேல் அவள் எழுதி நாங்கள் பார்த்ததில்லை. அவளுடைய அப்பா கடல் தொழிலுக்குப் போகிறவர். ஆழ்கடலுக்குப் போனால் திரும்பப் பத்து நாளும் ஆகும், பன்னிரண்டு நாளும் ஆகும். அவள் முதலில் எழுதிவந்ததில் கடைசி அடி, 'கதவைத் தாழிடுவதில்லை' என்று இருந்தது. கை தட்டிப் பார்த்தோம், ஒன்பது. ஓர் எழுத்து மிகை. போனால் போகட்டும், நன்றாகத்தானே இருக்கிறது என்றோம். அவள் சம்மதிக்கவில்லை. கணக்கில் ஒன்று கூடினால் விடை தப்புதானே என்றாள்.

கவிதைக் கட்சியைச் சேர்ந்த ஒருத்தி உடனே திருத்திக் கொடுத்தாள்: 'கதவை அடைப்பதில்லை'. எட்டு! கணக்குச் சரியாக வந்துவிட்டது. ஆனால் அவள் அதையும் ஏற்கவில்லை. "கதவு அடைத்துத்தான் இருக்கும். தாழ்தான் போட்டிருக்காது. எங்கள் வீட்டில் நடக்காததை எப்படி எழுதுவது?" என்று கேட்டாள். எங்களிடம் பதில் இல்லை.

இரண்டு நாள் கழித்து இதைக் கொண்டுவந்தாள்.

தாழ்
ஏன்?
அப்பா
கடலில்
அம்மா இரவில்
கதவைத் தாழிட மாட்டாள்

தமிழம்மா இதை இரண்டு முறை படித்தார். 'மாட்டார்' என்று மரியாதையாகப் போடலாமே, எழுத்துக் கூடாதே என்று எங்களில் யாரோ கேட்டதற்கு, வீட்டில் அம்மாவை அப்படித்தானே சொல்கிறாள், இருக்கட்டும் என்றார். பிறகு இரண்டு கடைசி அடிகளையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதச் சொன்னார். 'தாழிடுவதில்லை' என்பது அந்த வீட்டு வழக்கத்தைச் சொல்கிறது. அண்டை வீட்டாரும் அதைச் சொல்லலாம். 'தாழிட மாட்டாள்' என்பதில் அம்மா இருக்கிறாள். யார் வந்து சொன்னாலும் கேட்காமல், எத்தனை இரவானாலும் கதவைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள். அந்த ஓர் எழுத்தைக் குறைக்க வேண்டியிராவிட்டால் இவளுக்கு இந்தச் சொல் கிடைத்திருக்குமா என்று தமிழம்மா கேட்டார். கணக்குக் கட்சியார் பெஞ்சைத் தட்டினார்கள்.

ஆண்டு மலருக்குக் கவிதைகளைத் தொகுத்தபோது, இதற்குப் பதின்மூன்று எழுத்தில் ஏழாவது அடி ஒன்று சேர்க்கும்படி அவளைக் கேட்டோம். பக்கத்தில் இடம் இருந்தது. அப்பா போய் ஒன்பது நாள் ஆகிறது, அவர் வந்த பிறகு எழுதித் தருகிறேன் என்றாள்.